போனில் ஒன்று, கணினியில் ஒன்று: விக்கி குறிப்பு ஆப்கள் மக்கர் செய்யும்போது

விக்கி பாணியில், அதாவது ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு போட்டு, குறிப்பு எடுக்கும் ஆப்களில் வரும் கோளாறுகள் பார்க்கப் பல மாதிரி இருக்கும், ஆனால் வேர் நான்கைந்துதான். தெரிந்தவர்கள் போனை நீட்டி "இது ஏன் இப்படிப் பண்ணுது?" என்று கேட்கும்போதெல்லாம் நான் எந்த வரிசையில் பார்ப்பேனோ அதையே இங்கே எழுதியிருக்கிறேன். அப்சிடியன், ஜாப்லின், லாக்சீக், டிட்லிவிக்கி ஆகிய நான்கும்தான் அதிகம் கைக்கு வருகின்றன. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

## எதையும் தொடும் முன்

ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். யாரைக் கேட்டாலும் முதலில் வரும் யோசனை இதுதான். குறிப்பு ஆப்பைப் பொறுத்தவரை இதைவிட மோசமான யோசனை கிடையாது. ஐபோனிலேயே சேமித்திருக்கும் அப்சிடியன் குறிப்புகள், ஐகிளவுடில் இல்லாதபட்சத்தில், ஆப்போடு சேர்ந்தே போய்விடும். ஆண்ட்ராய்டில் ஆப்பின் சொந்தச் சேமிப்பிடத்தில் வைத்திருந்தால் அங்கேயும் அதே கதிதான். ஜாப்லின் எல்லாவற்றையும் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்கிறது. சிங்க் ஆகாமல் (மற்றக் கருவிகளுக்குப் போய்ச் சேராமல்) நிற்கும் குறிப்பு அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருக்கும்.

முதலில், சரியான குறிப்பு எந்தக் கருவியில் இருக்கிறதோ அதன் நெட்டைத் துண்டியுங்கள். போன் என்றால் ஏரோபிளேன் மோடு போதும். அப்புறம் ஒரு நகல். அப்சிடியன், லாக்சீக் இரண்டுக்கும் குறிப்பு ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் ஆயிற்று, எல்லாம் மார்க்டவுன் என்னும் சாதாரண உரை ஃபைல்கள்தான். அப்சிடியனில் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவு ஃபோல்டரும் உண்டு. அமைப்புகளும் பிளகின்களும் (ஆப்புக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) அதில்தான் இருக்கின்றன, அதையும் சேர்த்து எடுங்கள். ஜாப்லினில் அதன் சொந்த வடிவமான ஜெக்ஸில் ஏற்றுமதி செய்யுங்கள். டிட்லிவிக்கி ஒற்றை எச்டிஎம்எல் ஃபைல், அதை நகலெடுக்க ஒரு நிமிடம் ஆகாது.

நகலைச் சிங்க் ஆகும் ஃபோல்டருக்குள்ளேயே வைக்காதீர்கள். நெட் வந்ததும் அந்த நகலும் எல்லாக் கருவிகளுக்கும் பயணம் போய், ஒவ்வொரு குறிப்பும் இரண்டிரண்டாகக் காட்சி தரும்.

## அறிகுறி: கணினியில் எழுதியது போனில் வரவில்லை

அதிகம் வரும் புகார் இது. சிங்க் கெட்டுவிட்டது என்ற முடிவோடுதான் எல்லோரும் வருகிறார்கள். பெரும்பாலும் சிங்க் தொடங்கியே இருக்காது.

முதலில் ஒரு சோதனை. கணினியில் 'சோதனை' என்ற பெயரில் புதுக் குறிப்பு ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதுங்கள். போனில் ஆப்பைத் திறந்து, திரையை அணையவிடாமல், சில நிமிடம் காத்திருங்கள்.

### சோதனைக் குறிப்பு வந்துவிட்டது என்றால்

சிங்க் வேலை செய்கிறது, நேரம்தான் போதவில்லை. அப்சிடியனின் சொந்தச் சிங்க் சேவை போனில் ஆப் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். பின்னணியில் ஓடாது. போனில் அவசரமாக ஒரு வரி தட்டிவிட்டு உடனே பூட்டிப் பையில் போட்டால் அந்த வரி போனிலேயே உட்கார்ந்திருக்கும். ஜாப்லின் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க் செய்யும். அதற்குமுன் ஆப்பை மூடிவிட்டால் அடுத்த தடவை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எழுதி முடித்ததும் சிங்க் பட்டனைத் தட்டி, முடிந்ததைப் பார்த்துவிட்டு மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கனத்தையும் பாருங்கள். சிங்க் செய்யும் ஆப் எதுவோ, அதற்குப் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று கொடுங்கள். குறிப்பு ஆப்புக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் ஃபைல்களைக் கடத்தும் சிங்க்திங் போன்ற ஆப்பை மறந்துவிடுபவர்கள் நிறைய. கொடுக்க வேண்டியது இரண்டாவதுக்குத்தான்.

### வரவே இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை என்றால்

இரண்டு கருவியும் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு தனித்தனி வால்ட் (குறிப்பு ஃபோல்டருக்கு அப்சிடியன் வைத்த பெயர்) இருப்பது சகஜம்: கணினியில் 'குறிப்புகள்', போனிலும் 'குறிப்புகள்', இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. போனில் 'புதிய வால்ட்' என்பதைத் தட்டினால் இப்படித்தான் ஆகும். ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரைத் திறக்கும் வழியில் போக வேண்டும், சொந்தச் சிங்க் சேவை என்றால் அந்தச் சேவையின் சர்வரில் ஏற்கெனவே இருக்கும் தொலைநிலை வால்ட்டோடு இணைக்க வேண்டும்.

அடுத்தது கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் வகையறா. கணினியில் இவை ஒரு ஃபோல்டரையே சிங்க் செய்யும். ஆண்ட்ராய்டில் அதே நிறுவனத்தின் ஆப் அப்படிச் செய்யாது. ஃபைல்களைப் பட்டியல் போட்டுக் காட்டும், தட்டினால் இறக்கித் தரும், அவ்வளவுதான். அப்சிடியனுக்கோ லாக்சீக்குக்கோ போனின் சேமிப்பில் நிஜமான ஃபோல்டர் வேண்டும். அதற்கு ஃபோல்டர்சிங்க் மாதிரி இடையில் ஓர் ஆப் தேவை. ஐபோனில் கதை வேறு. அங்கே அப்சிடியனுக்குப் போனின் சொந்தச் சேமிப்பு அல்லது ஐகிளவுட், இந்த இரண்டுதான் நேரடி வழி. டிராப்பாக்ஸ் ஃபோல்டரைக் காட்டித் திற என்றால் திறக்காது. எந்த அமைப்பை மாற்றினாலும் திறக்காது, தேடி அலைய வேண்டாம்.

சிங்க்திங் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அதற்கு நடுவில் சர்வர் கிடையாது. கணினியை அணைத்துவிட்டு வெளியே போய்ப் போனைத் திறந்தால் எங்கிருந்து வரும்? இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது கருவி ஒன்று வேண்டும். இன்னொன்று, அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய ஆப் போனில் இன்னும் கிடந்தால், வேறு ஆட்கள் பராமரிக்கும் சிங்க்திங்-ஃபோர்க் போன்ற கிளைப் பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

### சில குறிப்புகள் மட்டும் வரவில்லை என்றால்

பெயரைப் பாருங்கள். கிட்டத்தட்ட எப்போதும் பெயர்தான்.

'ஏன்?' என்று ஒரு குறிப்புக்குப் பெயர் வைக்க லினக்ஸும் மேக்கும் விடும். விண்டோஸும் ஆண்ட்ராய்டும் கேள்விக்குறியை ஃபைல் பெயரில் ஏற்காது. நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள், முக்காற்புள்ளி, நேர்கோடு, கூர் அடைப்பு எல்லாமே அப்படித்தான். பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தாலும் விண்டோஸ் தகராறு செய்யும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வில்லங்கம் உண்டு. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். 'கி' என்பது கண்ணுக்கு ஓரெழுத்து, உள்ளே க-வும் ஒரு கொக்கியும் சேர்ந்து 6 பைட். ஆக மொத்தம் 85 குறிதான் இடம். நடைமுறையில் சுமார் 50 எழுத்துக்கு மேல் போனாலே முட்டும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால் அதே பெயரை அங்கே தாராளமாக ஏற்கும். கணினியில் நன்றாக இருக்கும் நீளத் தலைப்புக் குறிப்பு போனுக்கு மட்டும் வராமல் போவதற்கு இதுதான் காரணம். பெயரைச் சுருக்குங்கள், முழுத் தலைப்பைக் குறிப்பின் முதல் வரியில் போட்டுக்கொள்ளலாம்.

பெயர் சரியாக இருந்தும் வரவில்லையா? அளவைப் பாருங்கள். அப்சிடியன் சிங்க்கின் அடிப்படைத் திட்டத்தில் ஒரு ஃபைல் 5 எம்பியைத் தாண்டினால் ஏறாது. போனில் எடுத்த ஒரு போட்டோவே அதைத் தாண்டிவிடக் கூடும். மேல்திட்டத்துக்குக் காசு கட்டும் முன் படத்தைச் சுருக்கிப் பாருங்கள்.

### பிழைச் செய்தி வருகிறது என்றால்

செய்தியை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுமதி மறுப்பு, உள்நுழைவு தோல்வி போன்றவை வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் போய்விடும். 'இடம் போதவில்லை' என்றால் போனையும் பாருங்கள், மேகக் கணக்கையும் பாருங்கள், இரண்டில் எது நிரம்பினாலும் நிற்கும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி ஏதாவது சொன்னால் அது நெக்ஸ்ட்கிளவுட் போன்ற சொந்த சர்வர் வைத்திருப்பவர்களின் பிரச்சினை. சர்வரைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள். சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழி ஜாப்லினில் உண்டு. பொது வைஃபையில் அதைச் செய்து வைத்தால் யார் வேண்டுமானாலும் நடுவில் நுழையலாம், வேண்டாம்.

வேலை செய்யும் இடத்தில் கொடுத்த லேப்டாப் என்றால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு அங்குள்ள ஐடி ஆட்களிடம் கேளுங்கள். நெட்வொர்க்கில் தடுத்திருந்தால் உங்கள் பக்கம் எதை மாற்றியும் பயனில்லை.

## அறிகுறி: ஒரே குறிப்பு இரண்டாக, மூன்றாகப் பெருகுகிறது

பெயரின் வாலைப் பாருங்கள், யார் வேலை என்று தெரிந்துவிடும். தேதியும் நேரமும் எண்களாக ஒட்டி, நடுவில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று இருந்தால் சிங்க்திங். 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்றால் டிராப்பாக்ஸ். ஜாப்லின் பெயரை மாற்றாது, 'மோதல்கள்' என்ற பொருளில் தனி நோட்டுப்புத்தகம் ஒன்றை உருவாக்கி அதில் போட்டுவைக்கும். அந்த நோட்டுப்புத்தகம் மற்றக் கருவிகளுக்குப் போகாது, மோதல் நடந்த கருவியில்தான் தேட வேண்டும்.

### எப்போதோ ஒருமுறை வருகிறது

இரண்டு கருவியிலும் ஒரே குறிப்பைத் திறந்து வைத்து எழுதியிருப்பீர்கள். இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைவதை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டி, மற்றதை அழித்தால் முடிந்தது. நகலைப் படிக்காமல் அழிக்காதீர்கள். சிங்க்திங்கில் எந்த நகலின் மாற்ற நேரம் பழையதோ அதுதான் மோதல் நகல் ஆகும், ஆனால் பழையது என்பதால் மதிப்பில்லாதது என்று ஆகாது. ஏதாவது ஒரு கருவியின் கடிகாரம் தப்பாக ஓடினால் புதியதே 'பழையது' ஆகிவிடும். இரண்டிலும் தானியங்கி நேரம் இயங்குகிறதா என்று அப்படியே ஒரு பார்வை பாருங்கள்.

தினசரிக் குறிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். போனில் காலையில் ஆப்பைத் திறந்தவுடன், சிங்க் ஆகும் முன்பே, ஆப் இன்றைய தேதியில் வார்ப்புருவோடு புதுக் குறிப்பு ஒன்றை உருவாக்கிவிடும். கணினியிலும் அதேபோல் ஒன்று இருக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆப் திறக்கும்போதே தினசரிக் குறிப்பைத் திறக்கும் அமைப்பைப் போனில் மட்டும் அணையுங்கள். சிங்க் முடிந்தபின் கையால் திறந்துகொள்ளலாம்.

### தினமும் வருகிறது

ஒரே ஃபோல்டரை இரண்டு சிங்க் சேவைகள் இழுக்கின்றன. இப்படிச் சொன்னால் "நான் ஒன்றுதான் வைத்திருக்கிறேன்" என்பார்கள். உண்மையாகவே தெரியாமல்தான் சொல்கிறார்கள். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் காப்பு வட்டத்துக்குள் எடுத்துக்கொண்டிருக்கும், மேக்கில் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஐகிளவுட் எடுத்துக்கொண்டிருக்கும். வால்ட் அதற்குள் இருந்தால், நீங்கள் வைத்த சிங்க் ஒன்று, இயங்குதளம் வைத்தது இன்னொன்று.

சோதிப்பது சுலபம். வால்ட் ஃபோல்டரைத் திறந்து முகவரியை முழுவதும் படியுங்கள். நடுவில் ஒன்டிரைவ் என்று வந்தால் விஷயம் முடிந்தது. விண்டோஸில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகக்குறியோ பச்சை டிக்கோ தெரிந்தாலும் அதே பொருள்தான். ஆப்பை மூடி, ஃபோல்டரை இவற்றுக்கு வெளியே நகர்த்தி, புது இடத்திலிருந்து திறந்து, சிங்க்குக்கும் புது இடத்தைக் காட்டுங்கள்.

### குறிப்புகள் சரி, அமைப்பு ஃபைல்கள்தான் பெருகுகின்றன

அப்சிடியனின் மறைவு ஃபோல்டரில் 'வொர்க்ஸ்பேஸ்' என்று தொடங்கும் ஃபைல் உண்டு. எந்தத் தாவல் திறந்திருக்கிறது என்பதை அது ஒவ்வொரு அசைவுக்கும் எழுதிக்கொண்டே இருக்கும். அதைச் சிங்க் செய்து எந்த லாபமும் இல்லை. சிங்க்திங்கின் விலக்குப் பட்டியலிலோ, கிட் (நிரலாளர்கள் ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பயன்படுத்தினால் அதன் விலக்குப் பட்டியலிலோ சேர்த்துவிடுங்கள். மோதல் பாதிக்குமேல் அடங்கிவிடும்.

கிட் வழியாகச் சிங்க் செய்பவர்களுக்கு மோதல் தனி ஃபைலாக வராமல் குறிப்புக்குள்ளேயே வரும், ஏழு கூர் அடைப்புக் குறிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு இடையில் மேல்பாதி உங்களுடையது, கீழ்பாதி எதிர்ப்பக்கத்துடையது. வேண்டியதை வைத்துக்கொண்டு குறி வரிகளை அழித்துவிட்டுச் சேமியுங்கள். இதைச் செய்யக் கூச்சமாக இருந்தால் போனில் கிட் வைத்துக்கொள்வதே தேவையில்லாத வேலை.

## அறிகுறி: இணைப்பைத் தட்டினால் காலிப் பக்கம் திறக்கிறது

இன்னொரு குறிப்புக்கு இணைப்பு தரும் [[ ]] அடைப்புக்குள் பெயர் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். குறிப்பும் இருக்கும். தட்டினால் அதே பெயரில் புதுப் பக்கம்.

### இணைப்பு ஒரு கருவியில் மட்டும் வேலை செய்கிறது

ஆங்கிலப் பெயர் என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு ஃபைலாகப் பார்க்கும். விண்டோஸும், மேக் வழக்கமாகவும், ஒன்றாகவே பார்க்கும். பெயரை ஒரே மாதிரி எழுதினால் தீர்ந்தது.

### எல்லாக் கருவியிலும் உடைகிறது, அதுவும் தமிழ்ப் பெயர்கள் மட்டும்

இதில்தான் ஆட்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொல் கணினிக்கு வேறு வேறாக இருக்கும். 'கொ' என்பதை க-வோடு ஒற்றைக் குறியாக ஒகரத்தைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். விசைப்பலகையில் நேராகத் தட்டினால் பொதுவாக முதல் வகை வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரை, பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய உரை, மேக்கின் பழைய வட்டு அமைப்பில் இருந்து வந்த ஃபைல் பெயர் ஆகியவற்றில் இரண்டாவது வகை கலந்திருக்கும். சில ஆப்கள் இதைத் தானே சரிசெய்துகொள்ளும், சில அப்படியே விட்டுவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. சந்தேகப்படும் சொல்லைச் சாதாரண நோட்பேடில் ஒட்டுங்கள். 'கொ'-வுக்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே தடவை தட்டுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் ஒற்றைக் குறி. 'கெ' என்று நின்றால் பிரித்து எழுதியது. குறிப்பின் பெயரிலும் இணைப்பிலும் இதைச் செய்து பார்த்தால் எது வேறுபடுகிறது என்று தெரியும்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. ஔகாரத்தில் கடைசிக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டி 'ஒள' என்று எழுதுவது. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். 'ஸ்ரீ' இன்னொரு தொல்லை. ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே வடிவம். அப்புறம் இணையத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள்.

தீர்வு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: குறிப்பின் பெயரை ஆப்புக்குள்ளிருந்தே, விசைப்பலகையில் புதிதாகத் தட்டி மாற்றுங்கள். உடைந்த இணைப்பையும் தட்டாமல் அழித்துவிட்டு, இரண்டு அடைப்பைப் போட்டு, வரும் பரிந்துரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். பட்டியலிலிருந்து வருவது எப்போதும் சரியான எழுத்துகளோடுதான் வரும். தேடலில் ஒரு சொல் இருந்தும் கிடைக்கவில்லை என்றாலும் இதே காரணத்தைச் சந்தேகப்படலாம்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் கையால் முடியாது. யூனிகோடு இயல்பாக்கம் செய்யும், அதாவது பிரித்து எழுதியதையெல்லாம் ஒரே வகைக்கு மாற்றும், சின்ன நிரல் ஒன்றை நிரலாக்கம் தெரிந்தவர் கொஞ்ச நேரத்தில் எழுதித் தருவார். முழு ஃபோல்டரில் ஓட்டும் முன் நகலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஒள', ஸ்ரீ இரண்டையும் இயல்பாக்கம் தொடாது, தனியாகத் தேடி மாற்றவும் சொல்ல வேண்டும்.

### பெயர் மாற்றியதிலிருந்து உடைகிறது

பெயரை ஆப்புக்கு வெளியே, ஃபைல் மேனேஜரில் மாற்றியிருப்பீர்கள். ஆப்புக்குள் மாற்றினால் இணைப்புகள் சேர்ந்து மாறும். அப்சிடியனில் 'உள் இணைப்புகளைத் தானாகப் புதுப்பி' என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கிறது, இயக்கி வையுங்கள். பழைய பெயருக்கே ஃபைலைத் திருப்பிவிட்டு, இந்தத் தடவை ஆப்புக்குள் மாற்றினால் போதும்.

## அறிகுறி: குறிப்பு காணோம், அல்லது திறந்தால் காலி

ஃபைல் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஐகிளவுட், ஒன்டிரைவ் இரண்டும் இடம் மிச்சம் பிடிக்க ஃபைலின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மேலே ஏற்றிவிடும். ஆப் திறக்கும்போது உள்ளே எதுவும் இருக்காது. நெட்டோடு இணைத்து, வால்ட் ஃபோல்டரை வலச்சொடுக்கி 'எப்போதும் இந்தக் கருவியில் வை' கொடுங்கள். ஆப்பிளில் 'இறக்கியே வை' என்ற தேர்வு ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் 15 முதல் இருக்கிறது. காலியாகத் தெரியும் குறிப்பில் எதையும் தட்டிவிடாதீர்கள். அந்த ஒரு எழுத்து மேலே ஏறி நல்ல பதிப்பை மூடிவிடலாம்.

ஃபைலே இல்லை. வரிசையாகப் பாருங்கள்: ஆப்பின் குப்பைத்தொட்டி, கணினியின் குப்பைத்தொட்டி, மேகச் சேவையின் வலைப்பக்கத்தில் இருக்கும் குப்பைத்தொட்டி. கடைசியில் சொன்னதில் பெரும்பாலான சேவைகள் 30 நாள் வரை வைத்திருக்கும். அதை வலைப்பக்கத்தில் போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

இருக்கிறது, ஆனால் பாதி போய்விட்டது. பழைய பதிப்பு தேவை. அப்சிடியனில் 'ஃபைல் மீட்பு' என்ற உட்பிளகின் முன்னிருப்பாகவே இயங்கும், 5 நிமிட இடைவெளியில் எடுத்த படிகளை 7 நாள் வைத்திருக்கும். இது கருவிக்குக் கருவி தனி, கணினியில் இல்லாதது போனில் இருக்கலாம். ஜாப்லினில் குறிப்பு வரலாறு 90 நாள். சிங்க்திங்கில் பதிப்பு சேமிப்பை நீங்கள் முன்பே இயக்கியிருந்தால்தான் உண்டு, இப்போது இயக்கினால் போனது வராது.

எல்லாக் குறிப்பும் ஒரேயடியாகக் காணோம். உடனே எல்லாக் கருவியின் நெட்டையும் துண்டியுங்கள். அழிப்பு ஒரு கருவியில் நடந்து மற்றவற்றுக்குப் பரவிக்கொண்டிருக்கலாம். வெகுநாளாகத் திறக்காத பழைய போனோ டேப்லெட்டோ இருந்தால் அதை நெட் இல்லாமல் திறந்து பாருங்கள், அதில் முழுதாக இருக்க வாய்ப்புண்டு. ஜாப்லினில், சிங்க் இடம் காலியாக இருந்தால் உள்ளூர்க் குறிப்பை அழிக்காமல் நிற்கும் பாதுகாப்பு ஒன்று முன்னிருப்பாகவே இருக்கிறது. அதை அணைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளூரில் சரியாக இருந்தால், மேம்பட்ட அமைப்பில் 'உள்ளூர்த் தரவை மறுபடி ஏற்று' என்பதே உங்கள் பட்டன். அதற்குப் பக்கத்தில் 'உள்ளூரை அழித்துவிட்டு மறுபடி இறக்கு' என்று ஒன்று இருக்கிறது. இரண்டையும் மாற்றித் தட்டினால் மிஞ்சியதும் போய்விடும், இரண்டு முறை படித்துவிட்டுத் தட்டுங்கள்.

குறிப்பு இருந்த ஒரே கருவி இயங்கவே இல்லை, அல்லது வட்டு சத்தம் போடுகிறது என்றால் அதை மேலும் இயக்காமல் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். மீட்பு மென்பொருளை இறக்கி அதே வட்டில் நிறுவுவது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவது ஆகும்.

## அறிகுறி: டிட்லிவிக்கி சேமிக்க மறுக்கிறது

டிட்லிவிக்கி 2004-இல் ஜெரமி ரஸ்டன் தொடங்கியது, முழு விக்கியும் ஒரே எச்டிஎம்எல் ஃபைல். பிரவுசர்கள் இன்று ஒரு பக்கத்தை அதன் விருப்பத்துக்கு வட்டில் எழுத விடுவதில்லை. அதனால் சேமி என்றால் டவுன்லோட்ஸில் (1), (2), (3) என்று நகல்கள் குவியும். நீங்கள் பழைய ஃபைலையே புக்மார்க்கில் திறந்துகொண்டு "எழுதியது போய்விட்டது" என்பீர்கள். போகவில்லை, டவுன்லோட்ஸில் கடைசி எண் கொண்டதைத் திறங்கள்.

நிரந்தரத் தீர்வு: கணினியில் டிட்லிடெஸ்க்டாப், ஆண்ட்ராய்டில் டிட்லாய்டு. இவை ஃபைலின் மேலேயே எழுதும்.

சேமிப்பு ஐகான் சிவப்பாக இருந்தால் இன்னும் எழுதவில்லை என்று பொருள், அப்போது தாவலை மூடாதீர்கள். ஒரு டிட்லரில் (டிட்லிவிக்கியில் ஒரு குறிப்புக்கு இதுதான் பெயர்) டிக் போடாமல் விட்டால் அது வரைவாகவே நிற்கும். 'காணோம்' என்பவற்றில் பல அந்த வரைவுப் பட்டியலில் இருக்கும்.

இரண்டு கருவியில் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கடைசியில் சேமித்தது முழு விக்கியின் மேலும் எழுதிவிடும், ஒரு குறிப்பின் மேல் மட்டும் இல்லை. இரண்டு ஃபைலும் கைவசம் இருந்தால் மீட்கலாம். ஒன்றைப் பிரவுசரில் திறந்து, மற்ற ஃபைலை இழுத்து அதன்மேல் போடுங்கள். இறக்குமதிப் பட்டியல் வரும். $:/ என்று தொடங்கும் அமைப்புப் பகுதிகளின் டிக்கை எடுத்துவிட்டு, வேண்டிய தலைப்புகளை மட்டும் வைத்து இறக்குங்கள். ஒரே தலைப்பு இரண்டிலும் இருந்தால் வருவது இருப்பதை மூடும், அவற்றை முதலில் கண்ணால் ஒப்பிடுங்கள்.

## அறிகுறி: போனில் மட்டும் திறக்க யுகமாகிறது

பிளகின்கள். கணினியில் இருபது முப்பது போட்டுவைத்திருப்பீர்கள், சிங்க் அவற்றையும் போனுக்குக் கொண்டுவந்திருக்கும். அப்சிடியனைக் கட்டுப்படுத்திய முறையில், அதாவது வெளியார் பிளகின்கள் இயங்காதபடி, திறந்து பாருங்கள். வேகமாகத் திறந்தால் குற்றவாளி பிளகின்தான். அமைப்புகளின் பொதுப் பகுதியில் தொடக்க நேரக் கணக்கு இருக்கிறது, எந்தப் பிளகின் எவ்வளவு நேரம் தின்கிறது என்று அதிலேயே தெரியும். பெரியதை மட்டும் போனில் அணையுங்கள்.

அதிலும் மெதுவாகவே இருந்தால், சிங்க் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் தடவை ஆயிரக்கணக்கான ஃபைல் இறங்கும்போது மெதுவாகத்தான் இருக்கும், சார்ஜரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். லாக்சீக்கில் மீள்அட்டவணை (குறிப்புகளின் அட்டவணையைப் புதிதாகக் கட்டுவது) ஒருமுறை செய்து பார்க்கலாம். புது போன் வாங்குவதெல்லாம் இவை அனைத்தும் முடிந்தபிறகு யோசிக்க வேண்டியது.

## அறிகுறி: படங்கள் உடைந்த கட்டமாகத் தெரிகின்றன

படங்களை வைக்கும் ஃபோல்டர் வால்ட்டுக்கு வெளியே இருக்கிறது, அல்லது சிங்க் அமைப்பில் படங்களுக்கு டிக் இல்லை. இரண்டும் இல்லையென்றால் மேலே சொன்ன அளவு வரம்பு. ஐபோன் எடுக்கும் எச்இஐசி படம் சில கணினிகளில் தெரியாது, ஜேபெக்காக மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: மறையாக்கப் பாஸ்வேர்டு கேட்கிறது, நினைவில்லை

ஏதாவது ஒரு கருவியில் குறிப்புகள் இன்னும் திறந்து படிக்க முடிகிறதா? அப்படியென்றால் பயமில்லை. அப்சிடியனில் கருவியில் இருப்பது மறையாக்கம் இல்லாத சாதாரண ஃபைல். மேலே இருக்கும் பழைய வால்ட்டை விட்டுவிட்டு, புதுப் பாஸ்வேர்டில் புதுத் தொலைநிலை வால்ட் ஒன்றை உருவாக்கி ஏற்றுங்கள். ஜாப்லினிலும் படிக்க முடிகிற கருவியிலிருந்து முதலில் ஜெக்ஸ் ஏற்றுமதி, பிறகு மற்றது.

எந்தக் கருவியிலும் படிக்க முடியவில்லை என்றால் பாஸ்வேர்டு சேமிக்கும் ஆப், பிரவுசரின் சேமிப்பு, பழைய காகிதக் குறிப்பு என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆப்பை உருவாக்கியவர்களிடமும் சாவி கிடையாது. காசு கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று வருபவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், மறையாக்கிய ஃபைலையும் கொடுக்காதீர்கள்.

## ஆப்பின் உதவிக் குழுவுக்கு எழுதுவது என்றால்

மேலே எதிலும் அடங்கவில்லை, அல்லது அடங்கியும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் எழுதுங்கள். இரண்டு கருவியின் இயங்குதளப் பதிப்பு, ஆப்பின் பதிப்பு, எந்தச் சிங்க் முறை, பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், பிளகின்கள் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தீர்களா என்ற விவரம் இவையெல்லாம் முதல் மடலிலேயே இருக்கட்டும். சிங்க் பதிவேட்டை இணைக்கும் முன் ஒருமுறை திறந்து படியுங்கள். குறிப்புகளின் பெயர்கள் அதில் அப்படியே இருக்கும், வெளியாருக்குக் காட்ட விரும்பாத தலைப்புகளை மறைத்துவிட்டு அனுப்பலாம்.